எண்பத்திரண்டு அடிக் குளம்

என் கோபத்தையெல்லாம் தாங்கின தேவி அப்பாவுக்கு,

நம்ம பிள்ளை தேவி ஜெயிச்சிட்டா! நேத்து சிரம்பான் நீச்சல் குளத்துல, நூறு மீட்டர்ல, மாநிலச் சாதனை. நான் கத்தின கத்து ஊர்க்கோடி லோபாக் வரைக்கும் கேட்டிருக்கும்.

ரெண்டு வருசத்துக்கு முன்ன நம்ம எஸ்டேட் கிளப் குளத்துலயும் அவ சாதனை செஞ்சவதான். சாதனையைப் பதியற பத்திரத்துல குளத்தை அளந்தவர் கையெழுத்து வேணும்னாங்க. எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி நீங்கதான் அளக்கணும். இரும்பு டேப்போட போனீங்க, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தீங்க. வெள்ளைக்காரன் அடிக்கணக்குல கட்டின குளம், எண்பத்திரண்டு அடி. போட்டிக்கு வேண்டிய இருபத்தஞ்சு மீட்டருக்கு ஆறு மில்லி குறைச்சல். கூட இருந்தா மூணு செண்டி வரைக்கும் விடுவாங்களாம், குறைஞ்சா செல்லாதாம்.

"ஒரு அரிசி நீளம்! பெத்த பிள்ளைக்காகக் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடக் கூடாதா?"ன்னேன்.

"குறையுதே சரசு, நான் என்ன செய்ய?"

நான்தான் உங்களைக் கரிச்சுக் கொட்டினேன். அடுத்த மாசமே மாரடைப்புல போயிட்டீங்க. என்னங்க அவ்வளவு அவசரம் உங்களுக்கு?

நேத்து போட்டிக்கு முன்னால தேவி நேரா அதிகாரிகிட்ட போயிட்டா.

"சார், சுவத்துல நேரம் பிடிக்கிற டச் பேட் மாட்டின பிறகு அளந்தீங்களா? ரெண்டு பக்கமும் மாட்டினா நீளம் குறையுமே."

"அதெல்லாம் ஓகே லா, தங்கச்சி."

"இல்ல சார், இப்ப அளங்க."

அளந்தாங்க. அவ லேன்ல ஒரு செண்டி கூடுதல்! நாலு நீளத்துக்கு நாலு செண்டி ஆச்சேடின்னேன். "இருக்கட்டும்மா, இது செல்லும்"னு சிரிச்சிட்டுக் குதிச்சா பாருங்க... அந்தக் கூடுதலையும் நீந்தி முடிச்சு, பழைய சாதனையை முறியடிச்சிட்டா!

அதிகாரி கையெழுத்துப் போட்டப்ப ஒருத்தரும் மறுபேச்சுப் பேசல. இனி யார் வந்து எத்தனை தடவை அளந்தாலும் அது நம்ம பிள்ளையோடதுதான். அன்னைக்கு நீங்க செஞ்சதுதாங்க சரி. உசுரோட இருக்கறப்ப இதை ஒரு வார்த்தை சொல்லலியே நான். இப்பவாச்சும் கேக்குதா?

குளம் அளக்கிற அதிகாரிங்களுக்கான வகுப்புக்கு நானும் பேர் கொடுத்துட்டேன். தேவி விழுந்து விழுந்து சிரிக்கிறா. சிரிக்கட்டும். உங்க மேல சத்தியமா சொல்றேன், மயிரிழை குறைஞ்சாலும் என் கையெழுத்து விழாது, எவ பெத்த பிள்ளையா இருந்தாலும் சரி.

சண்டை போட்டே உங்களோட வாழ்ந்த,
உங்க வீட்டுக்காரி சரசு