மனதை மாற்றும் ஆங்கிலம்

செவ்வாய், இரவு.

இன்று என் ஆங்கில வகுப்புக்கு நர்ஸ் ஜெஸ்லினோடு அவள் அப்பாவும் வந்தார். அயர்லாந்து வேலை வேண்டாம் என்கிறாளாம். நான்தான் பேசி மனதை மாற்ற வேண்டுமாம்.

இன்றைய பாடமும் அதுதான். பேசிச் சம்மதிக்க வைத்தால் ‘டாக் இன்டு’, பேசிக் கைவிட வைத்தால் ‘டாக் அவுட் ஆஃப்’. ஜெஸ்லினை ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன்.

அவள் எழுந்து, “இந்த அயர்லாந்து ஆசையை டீச்சர் பேசி அப்பாவைக் கைவிட வைப்பார், நான் திருவட்டாறிலேயே வேலை பார்ப்பேன்” என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஒரு சொல்லும் புரியாத அப்பா கைதட்டினார். “கேட்டியளா டீச்சர்! இந்த இங்கிலீசுக்கு அயர்லாந்துக்காரனே எழும்பி நிப்பான். என்ன சொன்னா?”

“வாக்கியம் சரிதான்” என்றேன்.

நன்றி சொல்ல நாளைக்கு நெய்மீனோடு வருகிறாராம். அப்போதாவது தமிழில் சொல்லிவிட வேண்டும். மீனை வாங்குவதற்கு முன்பா, பிறகா என்றுதான் தெரியவில்லை.