உன் சிவப்பு பிளாஸ்கில் வந்த மருந்து

என் உயிரான உம்மாவுக்கு,

நான் முதலில் பார்த்தது உன் சிவப்பு பிளாஸ்கைத்தான். சாங்வியில் வெள்ளத்துக்கு நாங்கள் ஒதுங்கிய பள்ளிக்கூட வகுப்பறை. இடுப்புவரை நனைந்த அண்ணன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றான். வீட்டுக்குள் ஆற்றுத்தண்ணீர் வந்திருக்கும்போது இவனுக்குச் சாயா கேட்கிறதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். நான்கு நாள் விடாத மழை. அணையைத் திறந்துவிட்டார்கள். காலையில் மாடிவீட்டு மராத்திக்கார மாவ்ஷி கதவைத் தட்டி, "பாணி ஆல, லவ்கர் சலா!" (தண்ணீர் வந்துவிட்டது, சீக்கிரம் கிளம்புங்கள்) என்று கத்தியபோதே தண்ணீர் வாசல்படியைத் தாண்டியிருந்தது. ரேஷன் கார்டு, ஆதார் பை, உன் தொழுகைத் துப்பட்டா மூன்றையும் எடுத்துக்கொண்டு வாப்பாவின் கையைப் பிடித்து நடந்தேன். பின்னால் வருவதாக அண்ணன் சொன்னான்.

பள்ளியில் மதியக் கிச்சடி கொடுக்க ஆரம்பித்தபோதுதான் எனக்கு உறைத்தது. சாப்பிடும் முன் வாப்பாவுக்கு இன்சுலின் போடவேண்டும். மருந்து ஃப்ரிட்ஜிலேயே இருந்துவிட்டது.

அந்த ஒரு வேலைக்காகத்தானே உம்மா, ஒன்பதாம் வகுப்போடு நின்றேன்? ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாளில் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "வாப்பாவப் பாத்துக்கோம்மா" என்றாய். அன்றிலிருந்து ஊசி டப்பா என் துணி அலமாரியில்தான். அண்ணனைத் தொடவிட்டதில்லை. ஹிஞ்சேவாடிக்குக் கம்பெனி வண்டி ஓட்டிவிட்டு வந்து படுத்துக்கொள்கிறவனுக்கு என்ன தெரியும் என்றிருந்தேன். கடைசியில் மறந்தது நான்.

அண்ணன் பிளாஸ்கைத் திறந்தான். உள்ளே ஐஸ் கட்டிகள். மேலே, கைக்குட்டையில் நன்றாகச் சுற்றிய மருந்துக் குப்பி. மருந்தில் ஐஸ் படக்கூடாது என்பதுவரை அவனுக்குத் தெரிந்திருந்தது. சட்டைக்குள்ளிருந்து ஊசி டப்பாவையும் எடுத்தான்.

"என் அலமாரியத் தொறந்தியா?"

"ஒங்கிட்ட மனு குடுத்துட்டா தொறக்க முடியும்? தண்ணி முழங்காலுக்கு வந்துட்டு புள்ள."

"உம்மா எங்கிட்டதான பாத்துக்கச் சொன்னா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "எங்கிட்டயும்தான் சொன்னா. ஒன்னையும் சேத்துப் பாத்துக்கச் சொன்னா. நீ எங்க விட்ட?"

மடியில் தட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த வாப்பா, "சண்டைய அப்புறம் வச்சுக்கிடுங்க. யாராச்சும் ஒருத்தர் ஊசியப் போடுங்க, கிச்சடி ஆறுது" என்றார்கள். தமிழ் தெரியாத மாவ்ஷிகூடச் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் அழுகை வந்தது.

ஊசியை அண்ணனிடமே கொடுத்தேன். எந்தக் கோடுவரை மருந்து ஏற்றவேண்டும் என்று காட்டினேன்.

ஏன் உம்மா எங்களிடம் தனித்தனியாகச் சொன்னாய்? இருவரையும் பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லியிருக்கலாமே? வாப்பாவிடம் யாரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய்? வாப்பாவிடமே கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இப்போது வீடு காய்ந்துவிட்டது. தண்ணீர் நின்ற கோடு சுவரில் அப்படியே இருக்கிறது. காலை ஊசி அண்ணன் போடுகிறான். முதல் வாரம் அவன் பக்கத்திலேயே நின்று கண்காணித்தேன். "இன்ஸ்பெக்டர் வந்தாச்சு வாப்பா, கைய நீட்டுங்க" என்று கேலி செய்தான். ஒருநாள் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே, "காலைல நீ சும்மாதான இருக்க, மறுபடி படிக்கலாம்ல?" என்றான். எழுத்து மறக்கவில்லை; வீட்டில் நீ சொல்லிக்கொடுத்த தமிழில் இந்தக் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன், பார்.

வாப்பாவுக்கு ஒரு வேளையும் தவறாது உம்மா, இன்ஷா அல்லாஹ். ஆனால் இனி நான் மட்டும் என்று இருக்கமாட்டேன். இதை உனக்கு வாக்காகவே தருகிறேன்.

இன்று காலை ஊசி டப்பாவை என் அலமாரியிலிருந்து எடுத்து, எல்லோர் கைக்கும் எட்டும் சமையலறைச் சுவர்த் தட்டில் வைத்தேன்.

உன் மகள், அண்ணனுக்குத் தங்கை,
நஸீமா