ஐஸில் ஒரு தொடை

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உன் அண்ணி லோரீனாவிடமே கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுத வேண்டியதில்லை.

வியாழக்கிழமை விடியற்காலையில் ஓடையோரம் ஒரு காட்டுப்பன்றியைச் சுட்டேன். டெக்சஸின் ஆகஸ்ட் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். ஏழு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பன்றி விழுந்த கால் மணி நேரத்தில் குடலை எடுத்துவிட்டேன். உடம்புச் சூடு வெளியேற வேண்டுமே என்று உடனே தோலையும் உரித்தேன். துண்டு துண்டாக வெட்டி ஐஸ் பெட்டியில் அடுக்கி, கறி தண்ணீரில் ஊறாமல் இருக்க அடியிலுள்ள மூடியைத் திறந்து வைத்தேன்.

இதெல்லாம் போன வருஷமும் நமக்குத் தெரியும். தெரிந்தும், "என் குண்டுதான்டா பட்டுச்சு", "போண்ணா, நீ மரத்தைத்தான் சுட்டே" என்று வெயிலில் இரண்டு மணி நேரம் கத்திக்கொண்டு நின்றோம். அதற்குள் பன்றியின் வயிறு உப்பிவிட்டது. கழுகுகளுக்கு இழுத்துப் போட்டோம். அன்றோடு நீ என் வாசலை மிதிக்கவில்லை.

அந்தப் பன்றியின் தோளில் இருந்த ஓட்டை உன் துப்பாக்கி போட்டது. அன்றைக்கே பார்த்தேன்.

இந்தப் பன்றியின் ஒரு பின்னந்தொடை மட்டும் இன்னும் பெட்டியில் இருக்கிறது. தினமும் ஐஸ் மாற்றுகிறேன். "ஃப்ரீஸர் பாதி காலியாத்தானே கெடக்கு? இதுக்கு மட்டும் எதுக்கு இப்படி ஐஸ் வாங்கி அல்லாடுறீங்க?" என்று லோரீனா கேட்கிறாள். நான் போய் இன்னொரு மூட்டை ஐஸ் வாங்கி வந்தேன்.

ஐஸில் திங்கட்கிழமை வரைதான் தாங்கும். ஃப்ரீஸரில் வைத்தால் ஒரு வருஷம் கெடாது; நீயும் ஒரு வருஷம் கழித்துத்தான் வருவாய்.

உன் அண்ணன்