முள் என்று நீ சொன்னது

மச்சான்,

இன்று காலை மாதா கோயிலில், தொண்டை நோய் அண்டாமல் வருசத்துக்கு ஒருமுறை கொடுக்கிற தொண்டை ஆசீர்வாதம். பங்குச் சுவாமி இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகப் பிடித்து என் மனைவியின், உன் தங்கச்சியின், கழுத்தில் வைத்தார். அந்த மெழுகு வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது.

மண்டபம் அகதி முகாமிலிருந்து தலைமன்னாருக்குத் திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் குடியிருந்த காலம். உனக்குச் சோறு இறங்கவில்லை. "பாரை மீன் முள்ளடா மச்சான். சோத்தை உருட்டி விழுங்கினால் இறங்கீடும்" என்றாய். கடலில் பிறந்தவனுக்குத் தொண்டையில் வேறென்ன மாட்டும்? ஊரே நம்பியது. முள்ளை இறக்க ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து தந்தார்கள். பழமும் இறங்காமல் போன பிறகுதான் உன்னைக் கொழும்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். உணவுக்குழாயில் புற்றுநோய், நெஞ்சைத் திறந்துதான் எடுக்கவேண்டும் என்றார்கள். "நெஞ்சைத் திறந்துபோட்டுப் பிறகு என்னெண்டு வலை இழுக்கிறது?" என்று நீ ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாய். அடுத்த தொண்டை ஆசீர்வாதத்துக்கு நீ இல்லை.

இப்போது உன் தங்கச்சிக்கும் அதே வருத்தம், அதே புற்றுநோய். சோறு ஒருமுறை நின்றதுமே அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய், தொண்டைக்குள் கமராக் குழாய் விட்டுப் பார்க்க வைத்துவிட்டேன். நெஞ்சைத் திறக்காமல் ரோபோவால் சத்திரசிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். "மெசின் கையிலை உயிரைக் குடுக்கிறதோ?" என்று கரைவலைக்காரர் கேட்கிறார்கள். உனக்கு வாழைப்பழம் தந்த அதே ஆட்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டொக்டரும் லேசுப்பட்டவர் இல்லை. பாதுகாப்பானதா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "மெசின் தானாய் ஒண்டும் செய்யாது ஐயா, அதின்ரை கையை நான்தான் அசைப்பன். துளை சின்னன், நோவும் குறைவு. ஆனால் குழாயை வெட்டி எடுத்துப்போட்டு இரைப்பையை மேலை இழுத்துப் பொருத்திற இடம் கசியலாம். அது எந்த முறையிலும் உள்ள ஆபத்து. எங்களுக்கு இது புதுசு, பழகின ஒருத்தர் பக்கத்திலை நிப்பார்" என்றார். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. புதுசு என்றால் பழகுவதற்கு எங்கள் வீட்டு ஆள்தானா கிடைத்தாள் என்று சத்தம் போட்டுவிட்டேன்.

உன் தங்கச்சி என் கையைப் பிடித்து இருத்தினாள்.

"மெசினுக்குச் சரிவராட்டி, இடையிலை நெஞ்சைத் திறந்து செய்வீங்களோ?"

"ஓம் அம்மா, தேவையெண்டால் திறப்பம்."

"அப்ப எப்ப வாறதெண்டு சொல்லுங்கோ."

நீ பயந்து ஓடிவந்த அதே இடம், மச்சான். அவள் கதிரையை விட்டு அசையவில்லை.

சத்திரசிகிச்சைக்கு வருகிற கிழமை போகிறோம். இன்றும் கஞ்சியோடு கொஞ்சம் மீன் கேட்டாள். வேகவைத்து மசித்துக் கொடுத்தேன். முள் இல்லை என்று தெரிந்தும் என் விரல் அதற்குள் முள்ளைத்தான் தேடுகிறது. இது நீ விட்டுப்போன பழக்கம். அவள் திரும்பி வந்து என் முன்னால் ஒரு வாய் சோறு விழுங்கட்டும். உன்னை மன்னிக்கிறதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கிறேன்.