ஐஸ் பெட்டியில் வைத்த மருந்து

அலைச் சத்தத்தையும் மீறி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

எனக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. உனக்கு இருந்த சர்க்கரை, வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே எனக்கும் வந்துவிட்டது. பெரும்பாலும் பிரசவத்தோடு போய்விடும் என்கிறார்கள். அதுவரை இன்சுலின். நீ கடைசிவரை வேண்டாம் என்று ஓடிய அதே ஊசியை, சாப்பாட்டுக்கு முன்னால் நானே குத்திக்கொள்கிறேன்.

போன வாரம் தேவனாம்பட்டினத்தில் நம் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோனது. மருந்து கெட்டுவிடுமே என்று அம்மாவுக்குப் பதற்றம். உன் மீன் பெட்டியைக் கழுவி, ஐஸை உடைத்துப் போட்டு, நீ செய்தபடியே கல்லுப்பும் தூவி, பாட்டிலை உள்ளே புதைத்துவிட்டாள். "ஐஸ்ல இருந்தா எதுவும் கெடாதுன்னு உங்கப்பா சொல்லுவாரு" என்றாள். எனக்கும் சரியென்றுதான் பட்டது. உறைந்து கிடந்ததைக் கையில் உருட்டிக் கரைத்துப் போட்டுக்கொண்டேன்.

வாயையும் கட்டினேன். சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போனது. பயந்துபோய்ச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். மருந்தை எங்கே வைத்தீர்கள் என்று நர்சம்மா கேட்டார். அம்மா சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இது இன்னா மீனுன்னு நெனைச்சியாம்மா, ஐஸ்ல பொதைச்சு வைக்க? ஒறைஞ்சுபோனா அதுல வேலையே இருக்காது."

புது மருந்து கொடுத்தார்கள். சர்க்கரை இறங்குகிறது. ஸ்கேனில் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் உதைக்காவிட்டால் எழுந்து நடக்கிறேன். உதைத்தால், ஏன் இத்தனை வேகம் என்று பயப்படுகிறேன். அம்மா என் முகத்தைப் பார்த்தே பேசுவதில்லை.

நேற்று ஊசியைக் கையில் எடுத்தபோதுதான் வாய் திறந்தாள். "இத போட்டிருந்தா உங்கப்பா இருந்திருப்பாரா?"

நான் ஊசியைக் குத்திக்கொண்டேன். எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கிறது, அப்பா. இதற்கா அன்றைக்கு அதே சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து யாரிடமும் சொல்லாமல் கடலூர் பஸ்ஸில் ஏறி வந்தாய்? உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. நீ இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

நீ இல்லை. அதனால் வாக்கு மட்டும் தருகிறேன். பிரசவம்வரை ஒரு ஊசியையும் விடமாட்டேன். அதற்குப் பிறகும் சர்க்கரை போகாவிட்டால், அப்போதும் ஓடமாட்டேன். என் பிள்ளை எனக்கு இப்படி ஒரு கடிதம் எழுத விடமாட்டேன்.

உன் பேரப்பிள்ளையோடு,
உன் மூத்த பொண்ணு செல்வி