ஏழாம் விதிக்கு ஓர் எதிர்ப்பு

ரியேக்கா,
செவ்வாய், காலை.

அன்புள்ள வெட்ரான்,

இல்லை, உன்னை யாரும் வெளியேற்றவில்லை. நெவென்கா அக்கா தொலைபேசியில் எடுத்த எடுப்பிலேயே, "என் தம்பியத் துரத்துறீங்களாமே?" என்று கேட்டார். நீங்கள் இருக்கும் தீவு வரைக்கும் இதை யார் கொண்டுவந்தார்களோ. நீ திரையின் பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். என் கையெழுத்தைத் திட்டாதே.

தூக்கம் வருகிறதா? ஆடுகளுக்குப் பெயர் வைக்கத் தொடங்கிவிட்டாய் என்று அக்கா சொன்னார். நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

நடந்தது இது. நம் நிரலில் ஓர் ஓட்டை. வெளியாள் யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து பேருந்து, படகு நேரங்களை மாற்றிவிடலாம். நாற்பது ஊர்கள் நம்மை நம்பித்தான் நேரம் சொல்கின்றன. இதுவரை யாரும் புகவில்லை. இல்டிகோ இரண்டே நாளில் அடைப்பை எழுதிவிட்டாள். மூன்று வாரமாக அது அப்படியே கிடக்கிறது. உன் ஒப்பம் இல்லாமல் எந்தப் பதிப்பும் வெளியே போகாது. கணினியில் செருகி ஒப்பமிடும் அந்தக் குச்சி உன் சாவிக்கொத்தில் தொங்குகிறது.

வாராந்திரக் கூட்டத்தில் க்ரெஷோ பொங்கிவிட்டான். "ராஜா தூங்குறாரு. கோட்டைச் சாவி தலையணைக்கு அடியில. நாம வாசல்ல நின்னு விறைச்சுக்கிட்டு இருக்கோம்" என்றான். இல்டிகோ சிரித்தாள். பிறகு, "அவன் ராஜாவாகணும்னு கேக்கலடா. ஒவ்வொண்ணுக்கும் நாமதான் அவன்கிட்டயே போய் நின்னோம்" என்றாள்.

எனக்கும் அது உறைத்தது. ஆறு வருடம் நீ ஒருவனே எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை சொன்னாய். நாங்கள் அதை உன் விருப்பம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஆகவே ஒரு சாசனம். எழுதியது நான். ஐந்து பேர் குழு. ஒப்பம் மூவரிடம், இருவர் சேர்ந்தால் போதும். ஏழாம் விதி: மூன்று மாதம் வராதவர் ஓய்வுப் பட்டியலுக்குப் போவார், அவருடைய அதிகாரம் முடியும். திரும்பி வர ஓட்டெடுப்பு வேண்டும் என்று க்ரெஷோ சேர்த்திருந்தான். அந்த வரியை அடித்துவிட்டேன். ஒரு வரி எழுதினால் போதும், கதவு திறக்கும். "இது யாருக்காக எழுதுறே மொரானா?" என்று கேட்டான். எல்லோருக்கும்தான் என்றேன். அவன் நம்பவில்லை.

தவறு அதற்குப் பிறகு. வழக்கம்போல நம் இணைய மன்றத்தில் போட்டோம்: மூன்று நாளில் எதிர்ப்பு வராவிட்டால் ஏற்கப்பட்டது. உன் விதிதான். என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாய், "பேசத் தயங்குறவள கை தூக்கச் சொல்லி வதைக்க வேணாம்" என்று. அந்தத் தயங்குகிறவள் நான் என்று இருவருக்கும் தெரியும்.

நேற்று நண்பகல் போட்டது. வியாழன் நண்பகல் முடியும். யாரும் எதிர்க்க மாட்டார்கள். நீயும்தான். நீ மன்றத்தைப் பார்த்தே நான்கு மாதம். ஆனால் உன் மௌனமும் சம்மதமாக எண்ணப்படும்.

இன்று காலை காபி பொங்கி அடுப்பில் வழிந்தபோதுதான் இது புரிந்தது. உன்னைக் கேட்காமல் உன்னிடம் சம்மதம் வாங்குகிறோம். அதுவும் எனக்காக நீ செய்த விதியை வைத்து.

காற்று பலமாக இருக்கிறது. படகு ஓடினாலும் இது வெள்ளிக்கு முன் உன் கைக்கு வராது. ஆகவே நான் எதிர்க்கப் போகிறேன். ஓர் எதிர்ப்பு வந்தால் முடிவு ஒரு வாரம் தள்ளிப்போகும். அந்த ஒரு வாரம் ஓட்டையும் திறந்தே கிடக்கும். ஏதாவது நடந்தால் பழி என் மேல்.

நீ எதையும் படிக்க வேண்டாம், திறக்க வேண்டாம். ஒரு சொல் போதும். "சரி" என்றால் குச்சியைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தனுப்பு. "வேண்டாம்" என்றால் அதையே எழுது. அதற்காகச் சண்டை போடுகிறேன். கோபம் என்றாலும் எழுது. உன் கையால் எழுதியதாக இருந்தால் போதும்.

அதே கொத்தில் என் வீட்டுச் சாவியும் இருக்கிறது. அதைக் கழற்ற வேண்டாம்.

உனக்குத் தூக்கம் வரட்டும். பசி வரட்டும்.

என்றும்,
மொரானா

பி.கு.: எதிர்ப்பைப் பதிந்துவிட்டேன். ஆறு வருடத்தில் என் முதல் எதிர்ப்பு. காரணம் கேட்கும் கட்டத்தில் "கேட்க வேண்டியவரை இன்னும் கேட்கவில்லை" என்று எழுதினேன். "நீயே எழுதி நீயே எதிர்க்கிறியா?" என்று க்ரெஷோ உடனே அனுப்பினான். ஊர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, தினமும் காலையில் நேரங்களை ஒருமுறை கையால் சரிபார்க்கச் சொல்லி ஒவ்வொரு ஊராகத் தொலைபேசியில் அழைக்கிறேன். மூன்று முடிந்தது.