வாயு மாத்திரை

நம் வீட்டு மேலதிகாரிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் நன்றாக இருக்கிறேன், எழுந்து நடக்கிறேன், இதையும் என் கைப்படத்தான் எழுதுகிறேன். ஆகவே பதறாமல் உட்கார்ந்து படி. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே மகள் வீட்டில் உன் மடியில் ஒரு பேரன், தோளில் ஒரு பேத்தி. "சாப்பிட்டீங்களா, வாயு மாத்திரை போட்டீங்களா" என்று நீ கேட்டு முடிப்பதற்குள் இரட்டையரில் ஒன்று அழ ஆரம்பித்துவிடும்.

எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்து ஒரு வாரம் ஆகிறது. அச்சகத்தில் காகிதக் கட்டுகளைத் தூக்கித் தூக்கி வந்த வினை. சொன்னால் பிள்ளை பெற்றவளை விட்டுவிட்டு ஓடிவருவாய் என்று சொல்லவில்லை. எங்கள் கட்டிங் மெஷின்காரர்தான் துணைக்கு வந்தார். கையெழுத்துப் போடும்போது என்ன உறவு என்று நர்ஸ் கேட்க, மனுஷன் திருதிருவென்று முழித்து, "கூட வேலை பாக்குறேன்" என்றார். பக்கத்துக் கட்டில்களைச் சுற்றி மனைவி, மகன், மருமகள் என்று ஒரே கூட்டம். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா கேட்டார். பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்றேன். வாயுவுக்குப் போடுவதையெல்லாம் மருந்தென்று யார் டாக்டரிடம் சொல்வார்கள்? அன்று காலையும் வழக்கம்போல அதைப் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் எனக்குத் தானாக மூச்சு வரவில்லையாம். உடம்பு அசையாமலிருக்கத் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் போடுவார்களாம். அதன் வேகம் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கவில்லை. மெஷின்தான் எனக்காக மூச்சு விட்டிருக்கிறது. வேறு மாத்திரை ஏதாவது உண்டா என்று டாக்டரம்மா வெளியே வந்து கேட்க, கட்டிங் மெஷின்காரர் நம் வீட்டுக்கு ஓடி, சாப்பாட்டு மேஜைமேல் கிடந்த அட்டையை எடுத்து வந்து காட்டியிருக்கிறார்.

நினைவு திரும்பியபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. யாரோ என் கையைப் பிடித்திருந்தார்கள். நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்தேன். வெகுநேரம் அப்படியே நினைத்துக்கொண்டு கிடந்தேன். டாக்டரம்மா என் மணிக்கட்டில் லேசாகக் கரண்ட் கொடுத்து, கட்டைவிரல் எவ்வளவு துடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. மருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுதான் கணக்காம். விரல் சரியாகத் துடித்ததும் கையை விட்டுவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அவர் வந்து விளக்கினார். அது வாயுவுக்கானதே அல்லவாம். இதயம் தாறுமாறாகத் துடிக்காமல் பிடித்துவைக்கும் மாத்திரையாம். அந்த வகையில் சில, தசை தளர்த்தும் மருந்தோடு சேர்ந்தால் அதன் வேகத்தைக் கூட்டி, இறங்கவிடாமல் இழுத்தடிக்குமாம். தெரிந்திருந்தால் அளவைக் குறைத்திருப்பாராம். "ஏன் சார் மறைச்சீங்க? உயிர் விஷயமாச்சே" என்று கோபித்துக்கொண்டார். மறந்துவிட்டேன் என்று சொல்லிவைத்தேன். உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

என் நெஞ்சு படபடத்த அன்று டாக்டர் உன்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினாரே. வெளியே வந்து, "ஒண்ணுமில்லீங்க, வெறும் வாயுதானாம்" என்று சிரித்தாய். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததிலிருந்து நான் எப்படி நடுங்குவேன் என்று உனக்குத் தெரியும். இத்தனை வருஷமும் பயத்தையெல்லாம் நீ வைத்துக்கொண்டு, என்னை நிம்மதியாகத் தூங்கவிட்டிருக்கிறாய். கோபம் இல்லை என்றால் பொய். அந்தக் கோபத்தைக் காட்டக்கூட வீட்டில் ஆள் இல்லை.

மகளிடமும் சொல்லிவிடு; நாம் ஆளுக்கொரு பக்கம் மறைத்தது போதும். அவளுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி. அவர்கள் கொஞ்சம் வளரட்டும், வருகிறேன் என்று மட்டும் சொல்லாதே. இப்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். அங்கே நீ தனியாகப் பயந்துகொண்டிருக்க, இங்கே நான் தனியாகப் பயந்துகொண்டிருக்க வேண்டாம். பயப்படுவதென்றால் ஒரே வீட்டில் இருந்து பயப்படுவோம். வந்துவிடு.

உன் வழி பார்த்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்